சிவப்பு அணிலை விரட்டியது போட்டியா, அம்மையா?

வேம்பன்:
ஓர் உயிரினம் இன்னொன்றை இடத்தைவிட்டு நெருக்கித் தள்ளும் என்பதற்குப் பிரிட்டன் அணில் கதை போதும். 1876இல் செஷயரில் பணக்காரர் ஒருவர் ஆசைக்காக அமெரிக்கச் சாம்பல் அணிலைக் கொண்டுவந்து விட்டார். இன்று இங்கிலாந்தின் பெரும்பகுதியில் அதுதான். உள்ளூர்ச் சிவப்பு அணில் வைட் தீவு, வடக்கே கீல்டர் ஊசியிலைக் காடு என்று ஒதுங்கிவிட்டது. சாம்பல் அரைக் கிலோவுக்கு மேல். சிவப்பு 300 கிராம்தான். ஓக் கொட்டை சாம்பலுக்கு நன்றாகச் செரிக்கும், சிவப்புக்கு ஒத்துக்கொள்ளாது. ஓக் காட்டில் யார் ஜெயிப்பார்?

கேள்விக்குறி:
அவசரப்படாதீர்கள். சாம்பல் அணில் ஓர் அம்மை வைரஸையும் சுமந்து வந்தது. அதற்கு ஒன்றும் ஆவதில்லை. சிவப்புக்குத் தொற்றினால் கண்ணிமை, உதடு, விரல் எல்லாம் புண்ணாகி, கண் திறக்க முடியாமல், பெரும்பாலும் இரண்டு வாரத்தில் சாவு. இது பந்தியில் இடம் பிடிக்கிற கதையா?

வேம்பன்:
வேல்ஸ் கரையோரத்து ஆங்கில்சி தீவைப் பாருங்கள். 1998இல் சாம்பல் அணில்களைப் பிடித்து அகற்றத் தொடங்கியபோது சிவப்பு நாற்பது சொச்சம். சாம்பல் ஒழிந்தபின் நூற்றுக்கணக்கில் பெருகிவிட்டது. போதாதா?

கேள்விக்குறி:
போதாது. சாம்பலோடு வைரஸும் போய்விட்டதே! உங்கள் சோதனையில் இரண்டு காரணங்கள் ஒரே முடிச்சில் கிடக்கின்றன.

மலைக்காற்று:
குறுக்கே நுழைவதற்கு மன்னிக்கவும். அந்த முடிச்சை அவிழ்க்க இத்தாலி இருக்கிறது. 1948இல் டூரின் பக்கம் சாம்பல் அணிலை விட்டார்கள். அங்கே அந்த அம்மை கண்டறியப்படவில்லை. இருந்தும் சாம்பல் பரவிய இடங்களில் சிவப்பு காணாமல் போகிறது. கடித்துக் குதறி விரட்டுவதில்லை. சிவப்பு இலையுதிர்காலத்தில் மண்ணில் புதைத்துவைத்த கொட்டையை வசந்தத்தில் சாம்பல் தோண்டித் தின்றுவிடுகிறது. பெட்டை இளைக்கிறது, குட்டி குறைகிறது, பிழைத்துத் தங்கும் இளசுகளும் குறைகின்றன. சத்தமே கேட்காது.

கேள்விக்குறி:
சரி, இத்தாலியை ஒப்புக்கொள்கிறேன். பிரிட்டனில் வேகத்தைக் கூட்டியது அம்மைதான், அதை விட்டுத்தர மாட்டேன். அப்புறம் அயர்லாந்து? நடுப்பகுதியில் பைன் மார்ட்டன் (மரமேறி வேட்டையாடும் சிறு விலங்கு, நம் நீலகிரி மார்ட்டனுக்குச் சொந்தம்) மறுபடி பெருகியதும் சாம்பல் சரிந்து, சிவப்பு திரும்பிவிட்டது. அதே மரம், அதே கொட்டை. இடத்தைத் தீர்மானித்தது வேட்டை விலங்கு.

வேம்பன்:
ஐயா, அது என் பக்கச் சாட்சி! மார்ட்டன் சிவப்பையும்தான் தின்னும். ஆனாலும் சாம்பல் குறைந்ததும் சிவப்பு வருகிறதென்றால், அதுவரை இடத்தை அடைத்து நின்றது யார்?

கேள்விக்குறி:
அயர்லாந்திலும் அந்த அம்மை உண்டு. மார்ட்டன் தின்ற சாம்பலோடு எவ்வளவு வைரஸ் போனது என்று சொல்லுங்கள், அப்புறம் சாட்சியை யார் பக்கம் நிறுத்துவதென்று பேசலாம்.