ரிங் ரோட்டில் ஊதச் சொன்னார்கள்: டி.டி. கேஸ் (குடித்துவிட்டு வண்டி ஓட்டிய கேஸ்) பார்த்தவர்கள் எழுதுங்கள்

அனுப்பானடிக்காரன்:
எங்கள் சித்தப்பா மகன் மேல் போட்ட குடிபோதை கேஸ் போன மாதம்தான் முடிந்தது. பாண்டி கோயிலில் பங்காளி வீட்டுக் கெடா வெட்டு. சாப்பாட்டுக்கு முன்னால் அங்கே என்ன ஓடும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வண்டி ரிங் ரோட்டில் ஏறியதும் போலீஸ்காரர்கள் நிறுத்தி, குடித்திருக்கிறானா என்று பார்க்கும் மிஷினில் ஊதச் சொன்னார்கள். மிஷினில் 92 காட்டியது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் வரைதான் சட்டம் விடும்.

"ஃபைன் எவ்வளவு சார், இங்கேயே கட்டிடுறேன்" என்றிருக்கிறான். ஹெல்மெட் போடாததற்குக் கட்டுவது மாதிரி இதற்கு அங்கேயே கட்டிவிட்டுப் போக முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆவது பிரிவில் கேஸ் போட்டால் மாஜிஸ்திரேட்தான் முடிவு சொல்வார். முதல் தடவை என்றால் 10,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். 2019 திருத்தத்துக்கு முன்னால் இதே குற்றத்துக்கு 2,000 ரூபாய் வரைதான். தமிழ்நாட்டில் கூடுதல் தொகை 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.

சம்மன் தேதிக்கு அவனோடு நானும் போனேன். கோர்ட்டுக்கு வெளியே டீக்கடையில் ஒருவர் தானாக வந்து ஒட்டிக்கொண்டார். "கேஸே இல்லாம பண்ணிடலாம் தம்பி, பதினஞ்சு ஆகும்." சட்டத்தில் அபராதமே பத்தாயிரம்தான், இவருக்குப் பதினைந்தாயிரமாம். சித்தப்பா மடியிலிருந்து பணத்தை எடுக்கப் பார்த்தார். இழுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

தெரிந்த வக்கீல் ஒருவர் இருந்தார். எவ்வளவு குடித்தான், எங்கே குடித்தான் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. "மிஷின்ல வந்த சீட்டைக் காட்டுங்க" என்றார். பெயர், வண்டி நம்பர், தேதி, நேரம், மிஷின் நம்பர் எல்லாவற்றையும் விரல் வைத்துப் படித்தார். எல்லாம் சரியாக இருந்தது. "இதுல வாதாட ஒண்ணுமில்லண்ணே. வாய்தா வாங்கி இழுத்தா என் ஃபீஸ்தான் ஏறும். ஒத்துக்கிட்டு, முதல் தடவைன்னு சொல்லிக் கேட்டுக்குவோம்" என்றார். ஒத்துக்கொண்டான். பத்தாயிரம் அபராதம், கோர்ட் கலையும் வரை உட்கார வைத்தார்கள். அவ்வளவுதான் என்று நினைத்தால், அப்புறம் ஆர்.டி.ஓ. நோட்டீஸ் வந்தது. லைசென்ஸ் மூன்று மாதத்துக்கு முடங்கியது. பையன் டெலிவரி வேலை பார்க்கிறவன். பத்தாயிரத்தைவிட இதுதான் அவனுக்குப் பெரிய அடி.

செல்லூர் வேன்:
அண்ணே, என் கதை வேறு மாதிரி. நான் ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன், சரக்கைத் தொட்டதே இல்லை. செரிமானத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய அரிஷ்டம் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மூடி குடிப்பேன். ஒரு நாள் குடித்த கையோடு டி.வி.எஸ்.ஸை எடுத்துக்கொண்டு மாத்திரை வாங்கக் கிளம்பினேன். கோரிப்பாளையம் பக்கம் பிடித்தார்கள். ஊதினேன், மிஷின் கத்தியது. எனக்குக் கை கால் ஓடவில்லை.

அரிஷ்டம் நொதிக்க வைத்துச் செய்வது, அதில் சாராயச் சத்து இருக்கும். அது வாயில் ஒட்டியிருந்தால் கொஞ்ச நேரத்துக்கு மிஷின் ஏற்றிக் காட்டும். இது எனக்கு அப்போது தெரியாது. அங்கிருந்த எஸ்.ஐ.க்குத் தெரிந்திருந்தது. பாட்டிலை வீட்டிலிருந்து எடுத்து வரச் சொல்லட்டுமா சார் என்று கேட்டேன். அதெல்லாம் வேண்டாம், வாயைக் கொப்பளித்துவிட்டு ஓரமாக நில்லுங்க என்றார். கால் மணி நேரம் கழித்து ஊதினால் பூஜ்யம். சத்தம் போட்டிருந்தால் அந்தக் கால் மணி நேரம் எனக்குக் கிடைத்திருக்காது என்பது என் எண்ணம். மவுத்வாஷுக்கும் இதே கதைதான் என்கிறார்கள்.

ஒத்தக்கடை ஜூனியர்:
நான் வக்கீல், இன்னும் சீனியரிடம்தான் இருக்கிறேன். ரெண்டு பேர் சொன்னதும் சரி. ஆனால் சீட்டில் எல்லாம் எப்போதுமே சரியாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். எங்கள் ஆபீசுக்கு வந்த ஒரு கேஸில் வண்டியை நிறுத்தியதாக ரிப்போர்ட்டில் எழுதியிருந்தது இரவு 10.40. மிஷின் சீட்டில் அச்சாகியிருந்தது 10.05. நிறுத்துவதற்கு முன்பே எப்படி ஊதினார் என்ற ஒரு கேள்வியில் குறுக்கு விசாரணை முடிந்தது, விடுதலை. ஆனால் அதற்கு ஒரு வருடத்துக்கும் மேல் நடந்தோம். கட்சிக்காரர் கூலி வேலையை விட்டுவிட்டு ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்தார். அதையும் கணக்கில் வையுங்கள்.

"ஊதவே மாட்டேன்னு சொல்லிடு, ஆதாரம் இருக்காது" என்று ஊருக்கு ஒரு மாமா சொல்லித் தருவார். நம்பாதீர்கள். மறுத்தாலும் 203-ஆவது பிரிவில் வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். காரணமில்லாமல் மறுத்தது 205-ஆவது பிரிவின்படி கோர்ட்டில் உங்களுக்கு எதிராகவே நிற்கும். அதே சட்டத்தில் உங்கள் பக்கமும் ஒன்று இருக்கிறது. 185-இல் கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டர் பரிசோதனை நடக்க வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். 202-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். டாக்டரிடம் கூட்டிப் போன நேரத்தை வீட்டு ஆள் ஒருவர் குறித்து வைத்தால் போதும், பின்னால் எங்களுக்குப் பெரிய உதவி.

வாயில் வாடை அடித்தது என்பதை மட்டும் வைத்துப் போதையில் இருந்தார் என்று சொல்ல முடியாது என 1971-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேர் வருகிறார்கள். மிஷின் சீட்டோ ரத்தப் பரிசோதனையோ இருக்கும் கேஸில் இது செல்லாது.

லைசென்ஸ் விஷயம். ஆர்.டி.ஓ. முடக்குவதற்கு முன் உங்கள் விளக்கத்தைக் கேட்க வேண்டும். நோட்டீஸை பீரோவில் போட்டுவிட்டுச் சும்மா இருக்கிறவர்கள்தான் அதிகம். பதில் எழுதுங்கள், நேரில் போங்கள்.

வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் 15100-க்குப் போன் செய்யலாம், இல்லை மாவட்டக் கோர்ட் வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீசில் கேட்கலாம். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், காவலில் இருப்பவர்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு.

திருநகர் அக்கா:
குடி கேஸ் இல்லை, கேட்கலாமா? மூன்று வருடத்துக்கு முன் விற்ற ஸ்கூட்டிக்கு ஹெல்மெட் அபராதம் 1,000 ரூபாய் என் போனுக்கு வருகிறது. வாங்கின பையன் போனை எடுப்பதில்லை.

ஒத்தக்கடை ஜூனியர்:
ஆர்.சி. உங்கள் பெயரில் இருக்கும்வரை உங்களைத்தான் தேடி வரும் அக்கா. அபராதம் சின்ன விஷயம். அந்த வண்டி யார் மேலாவது மோதினால் நஷ்ட ஈட்டுக்கும் ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான் பொறுப்பு, 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. விற்றவர் 14 நாளைக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், அதற்குத்தான் படிவம் 29. கொடுத்த நகல் ஏதாவது இருக்கிறதா? பணம் வாங்கிய வங்கிக் கணக்கு விவரமாவது இருக்குமே.

திருநகர் அக்கா:
ஜிபேயில் வாங்கினேன் தம்பி, அது இருக்கு. படிவத்தில் கையெழுத்துப் போட்டு அவனிடமே கொடுத்துவிட்டேன்.

ஒத்தக்கடை ஜூனியர்:
அதுதான் எல்லாரும் செய்வது. சரி, ஜிபே விவரத்தை அச்செடுங்கள். அபராதச் செய்தியில் வண்டியின் போட்டோ இருக்கும், அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். விற்ற தேதியை எழுதி ஆர்.டி.ஓ.வுக்கு ஒரு மனு, வண்டி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை எனப் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு மனு. இரண்டுக்கும் ரசீது வாங்காமல் வராதீர்கள். முடிந்தால் திங்கட்கிழமையே போங்கள்.