பழைய போக்கிமோன் கார்டுகள்: எதை கிரேடிங் அனுப்பலாம்?

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். பினாங்கு ஜெலுத்தோங்கிலிருந்து எழுதுகிறேன். தம்பி சின்ன வயதில் சேர்த்த கார்டுகள் ஒரு பைல் நிறைய இருக்கின்றன. அடுத்த வருடம் அவன் கல்யாணத்துக்கு நல்லதாக ஒன்றிரண்டை அமெரிக்காவின் பிஎஸ்ஏ நிறுவனத்தில் கிரேடிங் (கார்டின் நிலையைப் பார்த்து 10க்கு மதிப்பெண் போடுவது) செய்து பரிசாகக் கொடுக்க ஆசை.

முக்கியமானது 1999 பேஸ் செட் (ஆங்கிலத்தில் வந்த முதல் தொகுப்பு) சாரிசார்ட் கார்டு, எண் 4/102. படக்கட்டத்தின் வலது ஓரத்தில் நிழல் இருக்கிறது, முதல் பதிப்பு முத்திரை இல்லை. அதனால் அன்லிமிட்டெட்தான், அதாவது முதல் பதிப்புக்குப் பிறகு வந்த பொது அச்சு. நேரே பார்த்தால் பளிச்சென்று இருக்கிறது. கைப்பேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் இறக்கைக்கு மேலே மெல்லிய கீறல்கள் தெரிகின்றன. பின்பக்கம் நீல ஓரத்தில் இரண்டு மூலைகள் வெளுத்துவிட்டன. 9, 10 வராது என்று எனக்கே தெரியும். 6 அல்லது 7 வந்தாலும் கட்டணம், அமெரிக்கா போய்வரும் தபால் செலவு, காப்புறுதி எல்லாம் சேர்த்துப் பார்த்தால் தகுமா?

அடுத்தது பிளாஸ்டாய்ஸ் கார்டு. மூலை, ஓரம் எல்லாம் சுத்தம். ஆனால் நம் ஊர் ஈரக்காற்றில் வில்லாக வளைந்திருக்கிறது. இதற்கு மதிப்பெண் குறைப்பார்களா? கனமான புத்தகத்துக்கடியில் வைத்து நிமிர்த்தலாமா, கை வைக்காமல் விடுவதுதான் நல்லதா? இதுதான் எனக்குப் பெரிய குழப்பம்.

ஒரு பிகாச்சுவும் உண்டு, படம் நன்றாக ஒரு பக்கம் தள்ளி அச்சாகியிருக்கிறது. அதை அனுப்பப் போவதில்லை.

பினாங்கிலோ கோலாலம்பூரிலோ பலர் சேர்ந்து மொத்தமாக அனுப்புகிறீர்கள் என்றால் சொல்லுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். விற்பனைக்கு இல்லை, விலை கேட்க வேண்டாம்.