ரபி பெர்னார்ட் நல்ல பேட்டியாளரா, கட்சிக்காரரா?

வடபழனி வாசி:
தமிழில் அரசியல் பேட்டி என்றால் எனக்கு இன்றைக்கும் ரபி பெர்னார்ட்தான். தொண்ணூறுகளில் சன் டிவியில் ‘நேருக்கு நேர்’ பார்த்தவர்களுக்குத் தெரியும். குரலை உயர்த்த மாட்டார், ஆனால் விடவும் மாட்டார். இப்போதைய நெறியாளர்கள் கத்துவதைக் கேட்டால் தலைவலிதான் வருகிறது. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

சைதாப்பேட்டை:
மறுக்கிறேன். அப்போது சன் டிவி இருந்தது தேனாம்பேட்டை அண்ணா அறிவாலயத்தில், அதாவது தி.மு.க. தலைமையகத்தில். அப்புறம் அவர் ஜெயா டிவிக்குப் போனார். 2011-இல் அ.தி.மு.க. சார்பில் மாநிலங்களவைக்கும் போனார். எந்தக் கேள்வியை யாருக்காகக் கேட்டார் என்று எப்படிப் பிரிப்பீர்கள்?

வடபழனி வாசி:
பின்னால் எம்.பி. ஆனார் என்பதற்காக முன்னால் கேட்ட கேள்வியெல்லாம் சொத்தையாகிவிடுமா? அண்ணாவும் கலைஞரும் பத்திரிகை நடத்திக்கொண்டேதான் அரசியல் செய்தார்கள். இந்த ஊரில் பேனாவும் கொடியும் என்றைக்குத் தனித்தனியாக இருந்தன?

சைதாப்பேட்டை:
முரசொலி வாங்குகிறவருக்கு அது கட்சி ஏடு என்று தெரியும். ‘நேருக்கு நேர்’ மேல் அப்படி எழுதியா ஒட்டியிருந்தது?

நைட் ஷிப்ட்:
ஒரு செய்தி சேனலில் விவாதத்துக்கு ஆள் பிடிக்கும் வேலை பார்த்தவன் நான். பெயர் வேண்டாம். மதியத்துக்கு மேல்தான் தலைப்பு முடிவாகும். உடனே போனை எடுக்க வேண்டும். “அவர் வந்தா நான் வரல” என்பார் ஒருவர், “கார் அனுப்புங்க” என்பார் இன்னொருவர். நிகழ்ச்சி தொடங்கியதும் நெறியாளரின் காதில் பி.சி.ஆர். (நிகழ்ச்சியை உள்ளே இருந்து இயக்கும் கட்டுப்பாட்டு அறை) குரல் ஓடிக்கொண்டே இருக்கும். விருந்தினர் திணற ஆரம்பிக்கும்போது, “இத விடுங்க, பிரேக் போங்க” என்பார்கள். வீட்டில் பார்ப்பவர் நெறியாளரைத் திட்டுவார். உள்ளே இருந்து சொன்னவரை யாருக்குத் தெரியும்?

ஈக்காட்டுத்தாங்கல்:
நெருக்கடி சேனலுக்கு உள்ளே இருந்து மட்டுமா வருகிறது? 2018-இல் கோவையில் புதிய தலைமுறை நடத்திய வட்டமேசை விவாதத்துக்காகச் சேனல் மீதே போலீஸ் வழக்குப் போட்டது. யூடியூப் தேவலை. நெறியாளர் ரங்கராஜ் பாண்டே அதே வருடக் கடைசியில் தந்தி டிவியிலிருந்து விலகி, பிறகு சாணக்யா என்ற யூடியூப் சேனல் தொடங்கினார். காதில் குரல் கிடையாது.

நைட் ஷிப்ட்:
காதில் இல்லை, கமெண்டில் இருக்கிறது. பிடித்ததைச் சொல்லாவிட்டால் பார்க்கிறவர் அடுத்த வீடியோவுக்குத் தாவிவிடுவார். (பாண்டே ‘நேர்கொண்ட பார்வை’ படத்தில் வக்கீலாகக் குறுக்கு விசாரணை செய்தபோது எனக்கு வித்தியாசமே தெரியவில்லை!)

வடபழனி வாசி:
சரி, பேச்சு எங்கேயோ போகிறது. சைதாப்பேட்டை, பழைய ‘நேருக்கு நேர்’ ஒன்றையாவது முழுசாகப் பார்த்துவிட்டு வாருங்கள்.

சைதாப்பேட்டை:
ஒன்று போதாது. தி.மு.க.காரர் உட்கார்ந்தது ஒன்று, அ.தி.மு.க.காரர் உட்கார்ந்தது ஒன்று, இரண்டையும் தேடிக் கொடுங்கள். யாரை எத்தனை தடவை மடக்கினார் என்று எண்ணிக்கொண்டே பார்க்கிறேன்.