இரண்டாவது கிரெடிட் கார்டும் லிமிட் உயர்வும்: விண்ணப்பித்தவர்களின் அனுபவங்கள்

கோவை, தனியார் நிறுவனக் கணக்காளர்

2023 நவம்பரில், மூன்றே வாரங்களுக்குள் மூன்று வங்கிகள், இரண்டாவது கிரெடிட் கார்டு கேட்ட என் விண்ணப்பத்தை நிராகரித்தன. ஒரு மாதம்கூடக் கெடு தேதி தவறாமல், பில் தொகை முழுவதையும் கட்டி வந்தவள் நான். அதனால் அந்த மறுப்பு எனக்குப் பெரிய மனவருத்தத்தைத் தந்தது. இதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை முழுமையாக எழுதுகிறேன்.

முதல் கார்டை 2019இல் சம்பளக் கணக்கு இருந்த வங்கியிலேயே வாங்கினேன். லிமிட் 60,000 ரூபாய். மளிகை, பெட்ரோல், மின்கட்டணம், மகளின் பள்ளிக் கட்டணம், இன்சூரன்ஸ் பிரீமியம் என வீட்டுச் செலவு முழுவதும் அதன் வழியாகவே போகும். அப்பாவுக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை தேவை என்று டாக்டர் சொன்னபோதுதான் அந்த லிமிட் போதாது என்பது தெரிந்தது. மருத்துவக் காப்பீடு இருந்தும், முன்பணத்தை நாங்கள் கட்டிவிட்டுப் பிறகு திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று மருத்துவமனையில் கூறிவிட்டார்கள்.

துணிக்கடை வாசலில் மேசை போட்டு அமர்ந்திருந்த ஒரு வங்கிப் பிரதிநிதியிடம் பான் கார்டு நகலையும் மூன்று மாதச் சம்பளச் சீட்டையும் கொடுத்தேன். "உங்கள் சம்பளத்துக்கு ஒரு லட்சம் லிமிட் உறுதியாகக் கிடைக்கும் மேடம்" என்றார். நான்காம் நாள், விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை என்று ஒரு வரிக் குறுஞ்செய்தி வந்தது. அறுவைச் சிகிச்சை தேதி நெருங்கிய பதற்றத்தில், அடுத்தடுத்து வேறு இரண்டு வங்கிகளில் ஆன்லைனில் விண்ணப்பித்தேன். அவையும் மறுத்தன. நான் செய்த பெரிய பிழை அதுதான்.

அலுவலகத்தில் உடன் பணியாற்றும் அக்கா ஒருவர், காரணத்தை எழுத்தில் கேட்கும்படி சொன்னார். கிரெடிட் கார்டுகள் தொடர்பாக ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் 21 அன்று வெளியிட்ட நெறிமுறைகளில், விண்ணப்பத்தை நிராகரித்தால் அதற்கான குறிப்பான காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்று இருந்தது. அதைச் சுட்டி மூன்று வங்கிகளுக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டு இடங்களிலிருந்து பொத்தாம்பொதுவான பதில்களே வந்தன. ஒரு வங்கி மட்டும், தற்போதைய கார்டின் லிமிட்டில் மிக அதிக விகிதத்தைப் பயன்படுத்துவதும் குறுகிய காலத்தில் பல இடங்களில் கடன் கேட்டிருப்பதும் காரணம் என்று தெளிவாக எழுதியிருந்தது.

முழுத் தொகையையும் கட்டிவிடும் எனக்கு எப்படி அதிகப் பயன்பாடு வரும் என்று குழம்பிப்போய், ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் சிபில் அறிக்கையை, அதாவது நம் கடன் வரலாற்றுப் பதிவை, தரவிறக்கிப் பார்த்தேன். என் கார்டுக்கு நேராக, லிமிட் 60,000, நிலுவை 55,210 என்று இருந்தது. அதாவது 92 சதவீதம். என் பில் ஒவ்வொரு மாதமும் 12ஆம் தேதி உருவாகும். கெடு தேதி அடுத்த மாதம் 1. நான் 30ஆம் தேதியோ 1ஆம் தேதியோ கட்டுவேன். ஆனால் அறிக்கைக்குப் போயிருந்த தொகை, 12ஆம் தேதி பில்லில் இருந்த தொகை. கட்டி முடித்த பிறகு கணக்கு பூஜ்யம் ஆவது அந்த அறிக்கையில் எந்த மாதமும் தெரியவேயில்லை. என்னைப் பார்க்காத ஒரு வங்கி அதிகாரியின் கண்ணுக்கு, நான் எந்நேரமும் லிமிட்டின் விளிம்பில் நிற்பவளாகத்தான் தெரிந்திருப்பேன்.

டிசம்பரிலிருந்து ஒரே ஒரு மாற்றம் செய்தேன். செலவைக் குறைக்கவில்லை, 9ஆம் தேதியன்றே அதுவரை செலவான தொகையைக் கட்டத் தொடங்கினேன். அதனால் 12ஆம் தேதி பில்லில் ஏழாயிரம், எட்டாயிரம் ரூபாய்தான் நின்றது. எந்த இடத்திலும் புதிதாக விண்ணப்பிக்கவில்லை. நவம்பரில் 731 ஆக இருந்த சிபில் ஸ்கோர் (கடன் நம்பகத்தன்மைக்கான மதிப்பெண்) ஏப்ரலில் 778 ஆயிற்று. அதன்பின் முதலில் என் பழைய வங்கியிடமே, புதிய சம்பளச் சீட்டையும் படிவம் 16ஐயும் (சம்பளத்தில் பிடித்த வருமான வரிக்கு நிறுவனம் தரும் சான்று) இணைத்து லிமிட் உயர்வு கேட்டேன். ஒரு வாரத்தில் 1,40,000 ஆக உயர்த்தினார்கள். இரண்டு மாதங்கள் கழித்து வேறொரு வங்கியில் இரண்டாவது கார்டுக்கு விண்ணப்பித்தேன். 90,000 லிமிட்டுடன் கிடைத்தது.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்

சகோதரி எழுதியிருப்பது மிகச் சரி. நான் கடன் பிரிவில் இருந்தவன் என்பதால் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

நாமே நம் அறிக்கையைப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. கடன் கேட்டு விண்ணப்பித்ததன் பேரில் வங்கி பார்க்கும்போது அது விசாரணையாகப் பதிவாகி, பின்னால் பார்க்கும் எல்லா வங்கிகளுக்கும் தெரியும். மூன்று வாரத்தில் மூன்று விசாரணைகள் இருந்தால், இவருக்கு ஏதோ பண நெருக்கடி என்றுதான் எங்கள் பிரிவில் முதலில் நினைப்போம். உண்மையில் இந்தச் சகோதரிக்கு இருந்தது அப்பாவின் சிகிச்சை. ஆனால் அறிக்கையில் அதை எழுத இடமில்லை.

நீங்கள் விண்ணப்பித்த காலத்தையும் கவனிக்க வேண்டும். 2023 நவம்பர் 16 அன்று, பிணையில்லாத நுகர்வோர் கடன்களுக்கான இடர் எடையை ரிசர்வ் வங்கி உயர்த்தியது. வங்கிகளின் கிரெடிட் கார்டு நிலுவைகளுக்கு அது 125இலிருந்து 150 சதவீதமாயிற்று. அதாவது, அதே அளவு கார்டு கடனுக்கு வங்கி கூடுதல் மூலதனத்தை ஒதுக்கி வைக்க வேண்டியதாயிற்று. அத்தகைய நேரத்தில் வங்கிகள் புதிய கார்டு கொடுப்பதில் கையை இறுக்கிக்கொள்வது இயல்பு.

இன்னொரு மாற்றம், 9ஆம் தேதி கட்டும் உங்கள் வழக்கத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. 2025 ஜனவரி 1 முதல், வங்கிகள் மாதம் இருமுறை, அதாவது 15ஆம் தேதி நிலவரத்தையும் மாதக் கடைசி நிலவரத்தையும் சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று விதி வந்தது. ஆகவே பில் தேதியை மட்டும் பார்த்துக் கட்டுபவர்கள், மாதக் கடைசியில் நிலுவை எவ்வளவு நிற்கிறது என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. லிமிட்டில் 30 சதவீதத்துக்குக் கீழ் நிற்கட்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். நானும் வாடிக்கையாளர்களிடம் அதைத்தான் சொல்லி வந்தேன்.

மதுரை, ஹார்டுவேர் கடை உரிமையாளர்

சம்பளச் சீட்டு உள்ளவர்களுக்கே இவ்வளவு சிரமம் என்றால், கடை வைத்திருப்பவர்களின் நிலையைச் சொல்லத் தேவையில்லை. எனக்கு முதல் கார்டே கிடைக்காமல் இருந்தது. கடையில் நாள்தோறும் பணம் புழங்கினாலும், வருமான வரிக் கணக்கை ஒழுங்காகத் தாக்கல் செய்யத் தொடங்கி இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. கிளை மேலாளர் என் தாக்கல் நகலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, கடையில் நடக்கிற வியாபாரம் இந்தத் தாளில் இல்லையே" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை.

அவரே ஒரு வழியும் சொன்னார். 50,000 ரூபாயை ஃபிக்சட் டெபாசிட்டில் போட்டு, அதன் மீது 40,000 லிமிட்டில் ஒரு கார்டு கொடுத்தார். டெபாசிட்டுக்கு வட்டியும் வந்துகொண்டிருந்தது. சிமெண்ட் ஏஜென்சிக்குக் கட்டும் தொகையில் ஒரு பகுதியை அதன் வழியாகச் செலுத்தி, பில் வந்தவுடன் கட்டிவிடுவேன். பதினெட்டு மாதங்கள் கழித்து, டெபாசிட் எதுவும் இல்லாமலேயே வேறொரு வங்கியில் இரண்டாவது கார்டு கிடைத்தது. இந்த முறை மூன்று ஆண்டுகளின் வரித் தாக்கல் நகல்கள் கையில் இருந்தன.

சென்னை, அரசு ஊழியர்

எனக்கு நேர்ந்தது இதற்கு எதிர்மாறானது. நான் கேட்காமலேயே என் கார்டின் லிமிட் ஒரு லட்சத்திலிருந்து மூன்று லட்சமாக உயர்ந்திருப்பதாக ஒரு நாள் மின்னஞ்சல் வந்தது. பலருக்கு இது மகிழ்ச்சியாக இருக்கலாம். ஆனால் கார்டு தொலைந்தாலோ மோசடி நடந்தாலோ பறிபோகக்கூடிய தொகையும் மூன்று மடங்காகிறது என்பதால் எனக்கு அச்சமே ஏற்பட்டது. வாடிக்கையாளரின் வெளிப்படையான ஒப்புதல் இல்லாமல் லிமிட்டை உயர்த்தக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதைக் குறிப்பிட்டு அந்த வங்கியின் குறைதீர் அலுவலருக்கு எழுதிய ஐந்தாம் நாள், பழைய லிமிட்டுக்கே மாற்றிவிட்டார்கள். முப்பது நாள்களுக்குள் தீர்வு கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். எனக்கு அந்தத் தேவை எழவில்லை.

திருப்பூர், இல்லத்தரசி

இரண்டாவது கார்டு வாங்க நினைப்பவர்களிடம் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். என் கணவரின் தையல் யூனிட்டில் ஆர்டர் குறைந்த சமயத்தில், முதல் கார்டின் நிலுவையைச் சமாளிப்பதற்காகத்தான் அவர் இரண்டாவது கார்டு வாங்கினார். பில் வரும்போதெல்லாம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வந்தார். கெடு தேதிக்குள் கட்டிவிட்டதால் தாமதக் கட்டணம் வரவில்லை. எல்லாம் சரியாகப் போகிறது என்றே இருவரும் நம்பினோம்.

ஒரு நாள் மாலை பில்லை எடுத்து வைத்து, மகனின் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் நானே எழுதிப் பார்த்தேன். நிலுவை 1,20,000 ரூபாய். மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் 4,200 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 756 ரூபாய். இரண்டும் சேர்ந்து 4,956. நாங்கள் கட்டியது 6,000. ஆக, கடனில் கழிந்தது 1,044 ரூபாய் மட்டுமே. அந்தத் தொகையைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. நிலுவை வைத்திருக்கும்போது புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும் என்பதும் அப்போதுதான் தெரிய வந்தது.

என் ஐந்து பவுன் சங்கிலியை அடகு வைத்து அந்த நிலுவையை முழுவதுமாக அடைத்தோம். நகைக்கடன் வட்டி அதைவிடப் பல மடங்கு குறைவு. ஓராண்டில் நகையை மீட்டுவிட்டோம். அந்த இரண்டாவது கார்டை மூடச் சொல்லி எழுதிக் கொடுத்தபோது, தொலைபேசியில் அழைத்து வேண்டாம் என்று வற்புறுத்தினார்கள். நிலுவை இல்லாத கார்டை ஏழு வேலை நாள்களுக்குள் மூட வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்ற விதியைச் சொன்ன பிறகு மூடினார்கள்.

கோவை, தனியார் நிறுவனக் கணக்காளர்

திருப்பூர் அக்கா எழுதியதை என் வீட்டுக்காரரிடமும் வாசித்துக் காட்டினேன். அக்கா, அந்தக் கணக்கை நீங்கள் எழுதிப் போட்டது பெரிய உதவி.

தஞ்சாவூர் ஐயா சொன்ன மாதக் கடைசி விஷயத்தை நான் அறிந்திருக்கவில்லை. 2025இல் எடுத்த அறிக்கையை மீண்டும் பார்த்தேன்; பள்ளிக் கட்டணம் 28ஆம் தேதி போன மாதத்தில் நிலுவை கூடுதலாகத்தான் தெரிகிறது. இனி அதை மாதத் தொடக்கத்துக்கு மாற்றிக்கொள்கிறேன்.

இரண்டாவது கார்டு கிடைத்தவுடன் பழையதை மூடிவிடலாமா என்று தோழி ஒருவர் கேட்டார். நான் மூடவில்லை. 2019இலிருந்து ஓடும் கணக்கு அது. அதை மூடினால் மொத்த லிமிட்டும் குறைந்து, அதே செலவு மறுபடியும் அதிக விகிதமாகத் தெரியும். ஒரே வங்கியில் இரண்டாவது கார்டு வாங்குவதாக இருந்தால் மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பல வங்கிகளில் இரண்டு கார்டுகளுக்கும் ஒரே லிமிட்டைத்தான் பங்கிட்டுக் கொடுப்பார்கள். கூடுதல் தொகை எதிர்பார்த்து வாங்குபவர்களுக்கு அதனால் பயனில்லை.

தள்ளிப்போன அப்பாவின் அறுவைச் சிகிச்சை 2024 ஆகஸ்டில் நடந்தது. முன்பணம் 1,10,000 ரூபாயைப் பழைய கார்டில் கட்டினேன். காப்பீட்டுப் பணம் வந்து சேரும்வரை காத்திருக்காமல், வைப்புத் தொகையை உடைத்து 9ஆம் தேதியே கட்டிவிட்டேன். அப்பா இப்போது கைத்தடி இல்லாமல் தெருக்கோடிப் பால் கடைவரை நடந்து போய் வருகிறார்.