மேற்கு ரோம் வீழ்ந்ததற்கு நாணயக் கலப்படமா காரணம்?

கேள்வி:
நீரோ காலத்திலிருந்து (கி.பி. முதல் நூற்றாண்டு) தெனாரியஸ் வெள்ளிக் காசில் செம்பு கலந்துகொண்டே போனதால்தான் ரோமப் பேரரசு சாய்ந்தது என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். ஆனால் இரண்டாகப் பிரிந்த பேரரசில் மேற்குப் பாதியின் கடைசிப் பேரரசர் பதவி இழந்தது கி.பி. 476-இல். நடுவே 400 ஆண்டுகள். கணக்கு உதைக்கிறதே?

பதில் 1:
உதைக்கத்தான் செய்யும். கலப்படம் மூன்றாம் நூற்றாண்டுச் சிக்கல். அகஸ்டஸ் காலத்தில் ஏறக்குறைய சுத்த வெள்ளி. படைவீரர் சம்பளத்தை ஏற்றிய செப்டிமியஸ் செவரஸ் காலத்தில் பாதிக்குப் பாதி. 215-இல் காரகல்லா விட்ட புதுக் காசுக்கு மதிப்பு இரண்டு தெனாரியஸ், உள்ளே இருந்த வெள்ளியோ ஒன்றரைக்குத்தான் பெறும். 260-களின் பிற்பகுதியில் பேரரசர் கல்லியேனஸ் காசில் 5 சதவீதம்கூடத் தேறாது. மேலே வெள்ளிப் பூச்சு, புழங்கப் புழங்கச் செம்பு தெரியும். மக்கள் பழைய நல்ல காசைப் பதுக்கிக்கொண்டு மட்டமான காசில் வரி கட்டினார்கள். அரசும் தானியமாக, துணியாக வரி வாங்க இறங்கியது. பிறகு கான்ஸ்டன்டைன் ஒரு ரோமானிய பவுண்டுக்கு 72 வீதம் சொலிடஸ் தங்கக் காசு அடித்தார். ஒன்று சுமார் 4.5 கிராம். 476-இலும் அது நல்ல காசுதான்.

பதில் 2:
ஆமாம், ஐந்தாம் நூற்றாண்டில் கெட்டது காசு அல்ல, வரி வரும் நிலமே கைவிட்டுப் போயிற்று. ஆப்பிரிக்கத் தளபதி போனிஃபேஸும் ரவென்னாவில் இருந்த மேற்குப் பேரரசரின் அரசவையும் மோதிக்கொண்டிருந்த சமயம் பார்த்து, 429-இல் அரசர் கெய்செரிக்கின் தலைமையில் வாண்டல்கள் என்ற ஜெர்மானிய இனத்தார் ஜிப்ரால்டரைக் கடந்து ஆப்பிரிக்காவுக்குள் வந்தார்கள். 439-இல் வட ஆப்பிரிக்காவின் தலைநகர் கார்த்தேஜ் அவர்கள் கையில். ரோமுக்குத் தானியமும் எண்ணெயும் அனுப்பிய, வரி கொழித்த பகுதி அது.

விளைவு சட்டங்களிலேயே தெரிகிறது. 444-இல் புதிய விற்பனை வரி, 24-இல் ஒரு பங்கு. புதிதாகச் சேரும் வீரர்களுக்கு மட்டுமல்ல, பழைய படைக்கே சோறும் துணியும் கொடுக்க முடியவில்லை என்று அந்தச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. வாண்டல்களிடமிருந்து திரும்பக் கிடைத்த ஆப்பிரிக்கப் பகுதியான நுமிடியாவில் 445-இல் வரியை எட்டில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டியிருந்தது. அந்த அளவுக்கு ஊர் சூறையாடப்பட்டிருந்தது.

பதில் 3:
ஆப்பிரிக்காவை மீட்க இரண்டு நல்ல வாய்ப்புகள் வந்தன. 460-இல் மேற்குப் பேரரசர் மயோரியன் ஸ்பெயினில் திரட்டிய கப்பல்களை வாண்டல்கள் முந்திக்கொண்டு பிடித்துவிட்டார்கள். மறு ஆண்டே தளபதி ரிசிமர் அவரைத் தீர்த்துக்கட்டினார். 476-ஐவிட முக்கியமான ஆண்டு 468 என்பது என் கருத்து. கிழக்குப் பேரரசர் லியோவின் பெரும் கப்பற்படை கார்த்தேஜுக்குப் பக்கத்தில் போன் முனையருகே நின்றது. கெய்செரிக் 5 நாள் அவகாசம் கேட்டார். தளபதி பசிலிஸ்கஸ் கொடுத்தார். அதற்குள் காற்று திரும்பியது. வாண்டல்கள் ஆளில்லாக் கப்பல்களுக்குத் தீ வைத்துக் காற்றோடு விட்டார்கள். நெருக்கி நின்ற ரோமக் கப்பல்களுக்கு விலக இடமில்லை. அதோடு கிழக்கின் கருவூலமும் காலி, மேற்குக்காக இன்னொரு படை அனுப்ப வழியில்லை.