அப்பாவின் காலில் ஊதாப் புள்ளிகள்: எங்கள் அனுபவம்

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோதுதான் பார்த்தேன், அப்பாவின் முழங்காலுக்குக் கீழே இரண்டு பக்கமும் கடுகைத் தெளித்த மாதிரி ஊதாப் புள்ளிகள். தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு ரத்தம் கட்டியிருந்தது. "எங்கேயும் இடிச்சுக்கலையேடா" என்றார். ஈறு வீங்கி ரத்தம் வருவது எங்களுக்குத் தெரியும், வயசுதான் காரணம் என்று விட்டிருந்தோம்.

ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருக்குமோ என்று பயந்து பரிசோதித்தால் எண்ணிக்கை சரியாக இருந்தது, ரத்தம் உறையும் நேரமும் சரி. அப்புறம் பார்த்த தோல் மருத்துவர் லென்ஸ் வைத்துக் காட்டினார்: ஒவ்வொரு புள்ளியும் முடியின் வேரைச் சுற்றி, முடியெல்லாம் சுருண்டு கிடந்தது. "தினமும் என்ன சாப்பிடுறீங்க? நேத்து காலையிலிருந்து சொல்லுங்க" என்று கேட்டார். இட்லி, தயிர்சாதம், டீயில் நனைத்த ரஸ்க். நெஞ்செரிச்சலுக்குப் புளிப்பு ஆகாது என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, அம்மா போனபிறகு தனியாக இருக்கும் மனிதர், எலுமிச்சை, தக்காளி, பழம், கீரை எல்லாவற்றையும் ஏழெட்டு மாதமாக அடியோடு விட்டிருக்கிறார்.

ஸ்கர்வி என்றார். பாய்மரக் கப்பல்காரர்களுக்கு வந்ததாகப் பள்ளியில் படித்த அதே நோய். வைட்டமின் சி இல்லாவிட்டால், உடம்பின் திசுக்களைத் தாங்கிப் பிடிக்கும் கொலாஜன் என்ற புரத இழை உறுதியாக அமையாது, நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவர் தளர்ந்துவிடும், நிற்கும்போது அழுத்தம் காலில் அதிகம் என்பதால் அங்கேதான் முதலில் கசியுமாம். வைட்டமின் சி மாத்திரை தொடங்கிய மூன்றாம் நாளே அசதி குறைந்தது. ஈறு இரண்டு வாரத்தில் சரியானது, புள்ளிகள் மறைய ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

இன்னொருவரின் பதில்: நான் வேறு மாதிரி குழம்பினேன். எனக்கு மூலநோய்க்குக் கொடுத்த மாத்திரை அட்டையில் டயோஸ்மின் 450, ஹெஸ்பெரிடின் 50 மில்லிகிராம் என்று இருந்தது. ஹெஸ்பெரிடின் ஆரஞ்சுத் தோலில் இருப்பது என்று தெரிந்ததும், அப்படியானால் வைட்டமின் சி தனியாக எதற்கு என்று நினைத்துவிட்டேன். அது தப்பு. 1936-இல் ஹங்கேரியில் சென்ட்-ஜியார்ஜி என்ற விஞ்ஞானியின் குழு எலுமிச்சையிலிருந்து ஹெஸ்பெரிடின் போன்ற ஃபிளேவனாய்டுகளை (தாவரங்களில் இருக்கும் ஒரு வகைப் பொருள்கள்) பிரித்து, நுண்குழாய்க் கசிவைத் தடுக்கிறது என்று வைட்டமின் 'பி' (P) எனப் பெயர் வைத்தது (பி காம்ப்ளெக்ஸின் பி (B) இல்லை, ஊடுருவலைக் குறிக்கும் permeability என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து). அது இல்லாவிட்டால் நோய் வரும் என்று நிரூபணமாகாததால் பிறகு அந்தப் பெயரையே கைவிட்டார்கள். சுளையை ஒட்டிய வெள்ளை நாரோடு சாப்பிடுங்கள், நல்லதுதான். ஆனால் ஸ்கர்விக்கு மருந்து வைட்டமின் சி மட்டுமே.

முதலில் எழுதியவர்: நன்றி. புளிப்பு ஒத்துக்கொள்ளாவிட்டால் கொய்யா கொடுங்கள், ஆரஞ்சைவிட அதில் வைட்டமின் சி பல மடங்கு என்றார் மருத்துவர். எங்கள் கொல்லையிலேயே மரம் நிற்கிறது. அத்தனை மாதமும் பழத்தையெல்லாம் தெருப் பிள்ளைகளுக்குப் பறித்துக் கொடுத்திருக்கிறார் அப்பா.