ஆய்வுக்குப் போன இடத்தில் இன்னும் உறுத்துகிற ஒரு சந்திப்பு: பகிருங்கள்

தேக்காவாசி:
பகுதிநேர எம்பிஏ, கடைசி செமஸ்டர், சிங்கப்பூர்ல போன் வழியா உடனே வங்கிக் கணக்குக்குக் காசு அனுப்புற பேநவ் பத்தின ஆய்வு. புதுத் தொழில்நுட்பத்தை ஆளுங்க ஏன் ஏத்துக்கிறாங்கன்னு டேவிஸ் 1989ல தந்த மாடல் உங்களுக்கே தெரியும்: பயன் இருக்கு, சுலபமாவும் இருக்குன்னு தோணினா ஆளுங்க பயன்படுத்துவாங்க. தேக்கா ஈரச்சந்தையில வெத்தலை விக்கிற ஆண்ட்டிகிட்ட வினாத்தாளைப் படிச்சுக் காட்டினேன். நாலாவது கேள்வியில நிறுத்திட்டாங்க. "தம்பி, கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேக்கிறியே?" உண்மைதான். கேள்விகள் ஒண்ணோட ஒண்ணு எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு காட்டுற ஆல்ஃபா 0.7 தாண்டணும்னு ஒரே விஷயத்தை நாலு விதமா எழுதி வச்சிருந்தேன். அப்புறம் சொன்னாங்க: "நல்ல வசதிதான், சுலபந்தான். ஆனா காசு மகன் கணக்குக்குப் போயிடுது. நோட்டா வந்தா என் கையில இருக்கும்ல?" அதை எழுத என் தாள்ல இடமே இல்ல. எல்லாத்துக்கும் 5, அதாவது 'முழுசா ஒத்துக்கிறேன்'னு போட்டுட்டு அடுத்த கடைக்குப் போயிட்டேன். ஆல்ஃபா நல்லாவே வந்துச்சு. ஆண்ட்டி சொன்னது ஆய்வேட்டுல எங்கயும் இல்ல.

மூணாம்_கருதுகோள்:
எனக்கு நடந்தது வேற. ஊழியருக்குச் சுதந்திரம் கூடினா வேலையை விடுற எண்ணம் குறையும்னு எழுதியிருந்தேன். டேட்டா நேர்மாறா வந்துச்சு, பி மதிப்பு 0.05க்கும் கீழ, அதாவது தற்செயல்னு சுலபமா ஒதுக்க முடியாது. "கருதுகோளைத் திருப்பி எழுதிடு, ரெண்டாம் அத்தியாயத்தையும் சரி பண்ணிடு"ன்னார் சூப்பர்வைசர். ஒரே ராத்திரியில மாத்தினேன். வைவாவுல, அதான் வாய்மொழித் தேர்வுல, தேர்வாளர், "எல்லாரும் சொல்றதுக்கு எதிரா துணிஞ்சு கணிச்சிருக்கீங்க, அதுவே வந்திருக்கு"ன்னு மனசாரப் பாராட்டினார். நன்றி சார்னேன். ஆறு வருஷமாச்சு, அந்த நன்றி இன்னும் குத்துது. முடிவைப் பாத்துட்டு, முன்னாடியே கணிச்ச மாதிரி கருதுகோள் எழுதுற இதுக்கு உளவியலாளர் கெர் 1998லயே ஹார்க்கிங்னு பேர் வச்சிருக்கார்னு பிறகுதான் படிச்சேன்.

பிடோக்48:
தேக்காவாசி, மாடல் தோத்துச்சுன்னு நினைச்சா நான் ஒத்துக்க மாட்டேன். அது பெரும்பாலானவங்க போக்கைத்தான் சொல்லுது, ஒரு ஆளை வச்சுத் தள்ள முடியாது. ஆனா மாடல்ல விட்டுப்போன மாறியையே (அளக்க வேண்டிய அம்சத்தையே) ஆண்ட்டி எடுத்துக் கொடுத்திருக்காங்க: காசு யார் கையில? புதுக் கோட்பாடு பிறக்கிற இடம் அதுதான். சமூகவியலாளர்கள் கிளேசரும் ஸ்ட்ராஸும் 1967ல டேட்டாவிலேர்ந்து கோட்பாட்டுக்கு மேல ஏறச் சொன்னது இதுக்குத்தான். முதல்ல தாள் இல்லாம போய்ப் பேசுங்க. கேஸ்களை வச்சுக் கோட்பாடு கட்டுறதைப் பத்தி எழுதின ஐசன்ஹார்ட் 1989ல நாலுலேர்ந்து பத்து கேஸ் வரை போதும்னாங்க. ஆண்ட்டிக்கு நேர் எதிரான ஆளையும் தேடுங்க, காசு மகன் கணக்குல இருந்தாலே நிம்மதின்னு சொல்ற அம்மா யாராவது இருப்பாங்க. அப்படி வளர்ந்த விளக்கத்தை அதே ஆளுங்களை வச்சுச் சோதிக்காதீங்க, கேலாங் சிராய் சந்தைக்குப் போங்க. போறதுக்கு முன்னாடி, என்ன வந்தா என் விளக்கம் தப்புன்னு எழுதித் தேதி போட்டுருங்க. தப்புன்னு காட்ட வழி இருக்கிறதுதான் அறிவியல்னு சொன்ன தத்துவவாதி பாப்பர் கேட்டது அதைத்தான். மூணாம் கருதுகோளுக்கும் இதேதான் சொல்வேன், நேர்மாறா வந்ததை அப்படியே வச்சிருக்கணும். என் கதையா? நான் அப்படியே வச்சேன், ஜர்னல் திருப்பி அனுப்பிடுச்சு.

துவாஸ்பஸ்:
பிடோக் சொல்ற முறையெல்லாம் சரி. தாளை வாங்குறவர் எந்த நிலையில இருக்கார்னு யாரும் பேசலையே? துவாஸ்ல ஒரு யார்டு, வேலைத் திருப்தி சர்வே. பேர் எழுத வேண்டாம்னு நான்தான் சொன்னேன். மேனேஜர் கதவோரம் நின்னுட்டிருந்தார். யாரோ கவனிக்கிறாங்கன்னு தெரிஞ்சா ஆளுங்க நடந்துக்கிறது மாறும்னு சொல்ல எல்லாரும் காட்டுற, அமெரிக்காவின் ஹாவ்தோர்ன் ஆலையில 1924லேர்ந்து 1932 வரை நடந்த சோதனைகளைப் பத்திப் பரீட்சையில பக்கம் பக்கமா எழுதினவன் நான், ஆனா அவரை வெளியே போகச் சொல்லல. மன்னார்குடித் தம்பி ஒருத்தர் பேனாவைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா கேட்டார்: "அண்ணே, எந்த நம்பர் போட்டா வேலை பர்மிட் புதுப்பிப்பாங்க?"

உங்க இஷ்டம் தம்பின்னு மட்டும் சொன்னேன். 5 போட்டார்.